ஆயிரம் வாட்ஸும் அப்பாவின் காதும்

மவுண்ட் ரோடில் யாரையாவது நிறுத்தி, 'ரிச்சி தெரு எங்கே சார்?' என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்வதற்கு முன், 'என்ன ரிப்பேர்?' என்பார்கள். அப்படிப்பட்ட புண்ணிய ஸ்தலம்!

சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று நாலைந்து தெருக்கள் சேர்ந்ததுதான் ஜனங்கள் சொல்லும் 'ரிச்சி ஸ்ட்ரீட்'. ரிமோட், ரெஸிஸ்டர், பேட்டரி, சால்டரிங் வாசனை... நடுவே மீன்பாடி வண்டி. ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காதீர்கள், பெரும்பாலான கடைகளுக்கு லீவு. நான் ஒரு சனிக்கிழமை, ஆபீஸில் 'லேசா தலைவலி' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கூட அப்பா.

அப்பா எதற்கு? அது 2014 கதை. முதல் போனஸை அப்படியே கொடுத்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.'! வீட்டில் போட்டதும் அப்பா கேட்டார்.

"பாடறது யாருடா?"

"சீர்காழி கோவிந்தராஜன்பா."

"அவரா? ஏன் போர்வைக்குள்ள உட்கார்ந்து பாடறார்?"

மூன்றாம் மாதம் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. போனஸ் கோவிந்தா!

பி.காம். படித்த மூளை அதற்கப்புறம்தான் வேலை செய்தது. அந்த ஸ்பீக்கரின் அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 24 வாட்ஸ். வரவு 24, செலவு 1000! எந்த ஆடிட்டர் இந்த பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடுவார்? பி.எம்.பி.ஓ. என்பது கண் இமைக்கும் நேர உச்சத்தைக் கணக்குக் காட்டி, கம்பெனிக்குக் கம்பெனி இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் நம்பர். நாம் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ்.

அதைவிட முக்கியமான நம்பர் ஒன்று சின்ன எழுத்தில் இருக்கும். சென்ஸிட்டிவிட்டி! 86 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்ஸில் போடுகிற சத்தத்தை, 89 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்ஸிலேயே போட்டுவிடும். மூன்று டெசிபலுக்குப் பாதி ஆம்ப்ளிஃபையர் மிச்சம்.

கடைக்குள் நுழைந்தோம். மேஜைமேல் இரண்டு ஜோடி. இரண்டுமே மேலே சின்ன ட்வீட்டர், கீழே ஐந்தேகால் இன்ச் ஊஃபர். கடைக்காரர் தயாராக வைத்திருந்த ஒரு குத்துப்பாட்டைப் போட்டார். விலை கூடின ஜோடி அமர்க்களமாக இருந்தது. மயங்கத்தான் இருந்தேன். அப்போதுதான் வால்யூம் குமிழ் கண்ணில் பட்டது. அதற்கு மட்டும் ரெண்டு கோடு கூடுதல்! எது கொஞ்சம் சத்தமாகப் பாடுகிறதோ, அதுதான் 'நல்ல ஸ்பீக்கர்' என்று காது சொல்லும். காதின் பலவீனம் அது.

"சார், ரெண்டையும் ஒரே சத்தத்துல வைங்க. பேஸ், ட்ரெபிள் நடுவுல இருக்கட்டும். பாட்டு என்னோடது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார் நம்ம ஃபீல்டா?"

"இல்லீங்க. ஏற்கெனவே ஏமாந்த ஃபீல்டு."

முதலில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986ல் வந்த ஆல்பம், எனக்கு மனப்பாடம். விலை கூடின ஜோடியில் வயலின் உச்சிக்குப் போனதும் காதில் ஊசி குத்தியது. மலிவானதில் குத்தவில்லை. அடிபேஸ் குறைவுதான். ஐந்தேகால் இன்ச்சிடம் பூகம்பம் எதிர்பார்ப்பது நம் தப்பு.

அடுத்தது அப்பா. அறுபது தாண்டிய காதுக்கு உச்சஸ்தாயி அவ்வளவாக எட்டாது. ஆனால் மனுஷக் குரல் பெரும்பாலும் நடுவில்தானே இருக்கிறது? சீர்காழியைப் போட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு ஜோடியும் மாறி மாறிப் பாடின. மலிவான ஜோடியைக் காட்டி, "இதுலதான்டா 'ழ' கேக்குது" என்றார். அவ்வளவுதான், பில் போடச் சொன்னேன்!

போடும் முன் காஸ்ட்டிங் ஒன்று. விலைச்சீட்டு வெறும் ஸ்பீக்கருக்கு. ஆம்ப்ளிஃபையர், ஒயர் எல்லாம் தனி. மொத்தத்தையும் கூட்டி, உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கும் ஜோடியின் விலையோடு ஒப்பிடுங்கள். பல பேருக்குப் பின்னதுதான் லாபம். என்னிடம் பழைய ஆம்ப்ளிஃபையர் இருந்ததால் தப்பித்தேன்.

வீட்டில் வைத்துக் கேட்டால் பானைக்குள் பேசுகிற மாதிரி 'கும்ம்'மென்று சத்தம். பகீரென்றது. மறுபடியும் கோவிந்தாவா? பேருக்கேற்ற மாதிரி புத்தக அலமாரி மூலையில் திணித்திருந்தேன். சுவர் ஒட்டினால் பேஸ் உப்பும். ஒரு முழம் வெளியே இழுத்து, ட்வீட்டரைக் காது உயரத்துக்கு வைத்தேன். சீர்காழி போர்வையை விட்டு வெளியே வந்தார்.

என் ஞாபகம் தெரிந்த நாளாக, 'சத்தத்தைக் குறைடா' என்பது மட்டுமே அப்பாவுக்குத் தெரிந்த இசை விமர்சனம். அன்று ஈஸிசேரிலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் கூட்டுடா!"