ரெங்கம் பிள்ளைங்களுக்கு எந்தப் படம்?

ஜொகூர் ரெங்கத்துல மறுபடி மழை.
பள்ளியில பருவநிலை மாற்றம் பத்திப் பேச்சு, படம்னு வச்சா என்ன காட்டலாம்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

2007ல இங்கிலாந்துல பருவநிலை மாற்றம் பத்தின அல் கோரின் படத்த இடைநிலைப் பள்ளிகளுக்கு அனுப்புனாங்க.
அதே வருஷத் தொடக்கத்துல நம்ம ஜொகூர் வெள்ளத்துல. ஒரு லட்சம் பேருக்கும் மேல வீட்ட விட்டு வெளியேறினாங்க.
2023 மார்ச்சுல திரும்பவும். யோங் பெங், பத்து பகாட்... குளுவாங்கும் தப்பல.

காத்து ஒரு டிகிரி சூடானா ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலா நீராவியத் தாங்கும். அதனால கனமழையும் கூடுதலாக் கொட்டும்.
இது நாலாம் ஆண்டுப் பிள்ளைக்கே புரியும்.

படத்துல பனிக்கரடியக் காட்டுங்க, அதுவும் வேணும்.
ஆனா ரப்பர் போய் செம்பனை வந்தது, எந்த வெள்ளத்துல எந்தப் பாதை மூழ்குச்சு, எல்லாம் தெரிஞ்ச தோட்டத்துப் பெரியவங்க இங்கயே இருக்காங்க.
படம் முடிஞ்சதும் அவங்களப் பேசச் சொல்லலாமே?