மீனுக்கு முன்னே நீரை வளர்ப்போம்

தங்கமீன் வளர்ப்பது மிக எளிது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒரு கண்ணாடிக் கிண்ணம், ஒரு பிடி வண்ணக் கற்கள், இரண்டு மீன்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் கைகொட்டி மகிழ்கிறார்கள். பத்தே நாளில் மீன் வயிறு மேலாக மிதக்கிறது. பிள்ளை அழுகிறது. "அழாதே, வேறு வாங்கலாம்" என்கிறோம். இந்த மூன்று சொற்களால் பிள்ளைக்கு நாம் எதைக் கற்றுக்கொடுக்கிறோம்? ஓர் உயிர் போனால் கடையில் இன்னொன்று கிடைக்கும் என்பதையல்லவா?

தங்கமீனின் ஆயுள் பத்து நாள் அன்று. முறையாகப் பேணினால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது. இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாச் சந்தையில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்னும் தங்கமீன் 1999 வரை, நாற்பத்து மூன்று ஆண்டுகள் உயிர் வாழ்ந்தது.

முகப்பேரில் உள்ள எங்கள் இல்லத்திற்கு மீன்தொட்டி வந்தது 2018-ஆம் ஆண்டில். அப்போது என் இளைய மகள் நான்காம் வகுப்பு மாணவி. அவள் கேட்டதும் அவளுடைய வாப்பா ஒரு நிபந்தனை விதித்தார். "தொட்டி இப்போது, மீன் ஒன்றரை மாதம் கழித்து." மகளின் முகம் வாடிவிட்டது. வெறும் நீரை ஒன்றரை மாதம் பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பிள்ளைதான் விரும்பும்?

ஆனால் அந்தக் காத்திருப்பில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மீன் வெளியேற்றும் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது; அதன் தீங்கு மிகக் குறைவு. இந்த நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்கு முன்பே மீனை விட்டால், அது தன் கழிவிலேயே மூச்சுத் திணறுகிறது. கிண்ணத்து மீன்கள் மடிவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பாடியைக் கடந்தால் கொளத்தூர். வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்து மூன்றடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டியை வாங்கி வந்தோம். ஏறத்தாழ 170 லிட்டர் நீர் பிடிக்கும். கடைக்காரர் தம் பழைய தொட்டியிலிருந்து ஒரு பஞ்சையும் கொடுத்தனுப்பினார். குழாய்நீரிலுள்ள குளோரின் மீனுக்கும் அந்த நுண்ணுயிர்களுக்கும் ஆகாது என்பதால், அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த நீரையே ஊற்றினோம். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவு மட்டும் இட்டு வந்தோம். அது அழுகி அம்மோனியா தர, அதை உண்டு நுண்ணுயிர்கள் பெருகின. வாரந்தோறும் மகள் சோதனைச் சொட்டுகளை விட்டு நிறம் பார்ப்பாள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று நிறம் காட்டிய நாளில்தான் இரண்டு 'ஒரண்டா' மீன்கள் வீடு வந்தன.

"இவ்வளவு பெரிய தொட்டியில் இரண்டே மீனா?" என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். நம் பள்ளிவாசல்களில் ஒளுச் செய்யும் ஹவுளில் மீன்கள் நீந்துவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குக் காற்றூட்டும் இயந்திரம் ஏது? ஹவுளின் நீர்ப்பரப்பு அகன்றது, மீன்களோ சில. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் நீரில் கலப்பது மேற்பரப்பின் வழியாகத்தான். ஆகவே ஒடுங்கி உயர்ந்த தொட்டியைவிட அகன்ற தொட்டி மேலானது. நம் ஊர் வெப்பத்தையும் கருத வேண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். தங்கமீனோ குளிர்ந்த நீரை விரும்புவது.

மறு ஆண்டே சோதனை வந்தது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறத்தாழ வறண்டுபோயின. லாரி வரும் நாளை எண்ணிக் குடங்களுடன் காத்திருந்தோம். மாமி ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்கள்: "ஏம்மா, குடிக்கிற தண்ணிக்கே வழியில்லை. மீனுக்கு வாரம் மூணு குடமா? இது வீண்விரயம் இல்லையா?"

நியாயமான கேள்வி. அதற்கான விடையைத் தேடியபோதுதான் எங்கள் தொட்டிக்குள் செடிகள் வந்தன. நீர்ச்செடிகள் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உணவாக உறிஞ்சிக்கொள்கின்றன. ஆனால் தங்கமீன் மென்மையான செடியைத் தின்றுவிடும். மணலில் நட்டதைப் பிடுங்கி எறியும். தடித்த இலைகளையுடைய அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் அது பெரும்பாலும் தொடுவதில்லை. அவற்றின் கிழங்குத் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும் என்பதால், நூலால் கல்லில் கட்டி வைத்தோம். பள்ளிக்கூடச் சோதனையில் குமிழ் விடுமே, ஹைட்ரில்லா என்னும் வேலம்பாசி, அதை மாடத்தில் ஒரு வாளியில் தனியே வளர்த்து, வாரம் ஒரு கொத்து மீன்களுக்கு உணவாக இட்டோம். விளக்கை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் எரிய விடுவதில்லை. மிகுந்தால் கண்ணாடியெங்கும் பாசி படர்ந்துவிடும்.

செடிகள் வேரூன்றிய பின், வாரந்தோறும் மாற்றிய நீரைப் பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றினாலே போதுமானதாயிற்று. சோதனைச் சொட்டுகளும் அதை உறுதி செய்தன. எடுத்த நீரில் ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகவில்லை. கறிவேப்பிலைக்கும் மருதாணிக்கும் ரோஜாவுக்கும் அதுவே உரமாயிற்று. எப்படியும் அந்தச் செடிகளுக்கு ஊற்ற வேண்டிய நீர், போகும் வழியில் மீனுக்கும் பயன்பட்டது. மருதாணி தழைத்ததைக் கண்ட மாமி பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. இயந்திரம் நின்றது. செடிகளும் இருளில் ஆக்ஸிஜனைத் தருவதில்லை. தாமும் அதை எடுத்துக்கொள்கின்றன. உணவிடுவதை நிறுத்தினோம், நன்கு வளர்ந்த தங்கமீன் சில நாள் உண்ணாமல் இருக்கும், உண்டால் கழிவு பெருகும். வடிகட்டிப் பஞ்சை எடுத்துத் தொட்டி நீரிலேயே மிதக்கவிட்டோம். அரை மணிக்கு ஒருமுறை செம்பால் நீரை முகந்து ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம்; ஊற்றும்போது காற்று கலக்கும். பின்னிரவு முறையை ஏற்றவர்கள் மாமிதான். தஹஜ்ஜுத் தொழ எழுந்தவர்கள் சுபுஹு வரை செம்பைக் கீழே வைக்கவில்லை. இரண்டு மீன்களும் பிழைத்தன. மீன்கள் இருபதாக இருந்திருந்தால் எந்தச் செம்பும் காப்பாற்றியிராது.

பூனையொன்றை அடைத்து வைத்து, தானும் உணவு தராமல், அது இரைதேடிச் செல்லவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அறிவோம். தொட்டியிலுள்ள மீனும், நல்ல நீர் தேடித் தானே போக இயலாத உயிர்தான். நான்கு கண்ணாடிச் சுவர்களை எழுப்பிய அன்றே அதன் நீரும் மூச்சும் நம் பொறுப்பாகிவிட்டன.

இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளை மீன் கேட்டால் மறுக்காதீர்கள். உடனே வாங்கியும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அகன்ற தொட்டியை வையுங்கள். நீரை நிரப்பிச் சொட்டு விட்டு நிறம் பார்க்கச் சொல்லுங்கள். வராத ஓர் உயிருக்காக ஆறு வாரம் காத்திருக்கக் கற்ற பிள்ளை, வந்த உயிரை எளிதில் கைவிடாது.