தில்லையடிக்குப் போகும் நண்பருக்கு

ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர், கேள்விகளால் நிறைந்த மின்னஞ்சல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றவர். இம்முறை குடும்பத்தோடு வந்து, புத்தளம் தில்லையடியில் ஒரு வாரம் கடற்கரை விடுமுறையைக் கழிக்க எண்ணுகிறார். அவரது பழைய பள்ளித் தோழர் ஒருவர் இப்போது அங்கேதான் இருக்கிறார். இதே எண்ணம் வேறு சிலருக்கும் இருக்கலாம் என்பதால், பதிலைப் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. வள்ளியம்மையின் பெயரோடு நாம் அறிந்த தில்லையாடி தமிழ்நாட்டில் உள்ளது. இது வேறு. இந்தத் தில்லையடி புத்தளம் நகரை ஒட்டிய குடியிருப்பு. களப்புப் பக்கத்து ஊர். அலையடிக்கும் மணற்கரை வேண்டுமானால் கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரைக்குச் செல்ல வேண்டும். களப்போரச் சதுப்பில் தில்லை மரத்தைக் கண்டால் பிள்ளைகளைக் கிளை ஒடிக்க விடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

எப்படிப் போவது? கட்டுநாயக்காவில் இறங்கினால் கொழும்புக்குள் போகத் தேவையில்லை. நீர்கொழும்பு, சிலாபம் வழியாக வடக்கே வாருங்கள். பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால் கற்பிட்டி, ஏறத்தாழ 40 கிலோமீற்றர். நேரே போனால் தில்லையடியும் புத்தளம் நகரமும். வழியில் உப்பளங்களைக் காணலாம். இரவில் வாகனம் ஓட்டினால் கவனம் தேவை. இப்பகுதியில் கழுதைகள் கட்டுப்பாடின்றித் தெருவில் திரியும்.

எப்போது போவது? டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். டொல்பின்களைப் படகில் சென்று பார்ப்பதும் அப்போதுதான். மே முதல் தென்மேற்குக் காற்று பலமாக வீசும். காற்றாடியைப் பிடித்து அலையில் சறுக்குவோருக்கு அது கொண்டாட்டம். குழந்தைகளோடு குளிக்க வருவோருக்கு அல்ல. கற்பிட்டிக்கு அப்பால் கடலில் உள்ள பவளப்பாறைத் தொடர் 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998இலும் 2016இலும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறிப் பெருமளவில் அழிந்தன. பழைய புகைப்படங்களை நம்பிப் போகாதீர்கள். இருப்பதை மிதிக்காமல் பாருங்கள்.

உடை, உணவு பற்றியும் கேட்டிருக்கிறார். கடற்கரை உடை கடற்கரையோடு நிற்கட்டும். தில்லையடி முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர். வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் பூட்டியிருக்கலாம். மீனுக்கும் இறாலுக்கும் குறைவிருக்காது.

"அங்கே தமிழ் பேசுவார்களா?" என்பது அடுத்த கேள்வி. பேசுவார்கள். சிலர் உங்கள் யாழ்ப்பாணத்துத் தமிழையே பேசுவார்கள். அந்தத் தமிழ் அங்கே வந்த கதை தெரியாமல் அவ்வூருக்குப் போகக் கூடாது.

1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில், அக்டோபர் 30 அன்று, சில மணி நேரமே அவகாசம் தரப்பட்டது. வீடு, கடை, நகை எல்லாம் பின்னே நின்றன. ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் மிகப் பலர் வந்து சேர்ந்த இடம் புத்தளம். உள்ளூர் மக்கள் உணவளித்தார்கள். ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. தில்லையடியும் அப்படி அகதிகள் தங்கிய இடங்களில் ஒன்று. பிறகு நிலம், தண்ணீர், பள்ளிக்கூடம், வேலை எல்லாவற்றையும் இரு தரப்பாரும் பங்கிட வேண்டியிருந்தது, உரசல்களும் வந்தன. 2009இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினர். பலருக்கு அது எளிதாக இல்லை. புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் பெற்றோரின் ஊர் மட்டுமே.

நண்பரின் கடைசிக் கேள்வி: "அவனுக்கு என்ன வாங்கி வரட்டும்?"

கனடாச் சொக்கலேற் பேரப்பிள்ளைகளுக்கு ஆகும். தோழருக்கு வேண்டியது வேறு. அவரோடு பேசும்போது, "எல்லோருக்கும்தானே இழப்பு" என்று தொடங்காதீர்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவருடைய கணக்கை உங்கள் கணக்கால் நேர்செய்ய முடியாது. "அந்தக் காலத்துச் சூழ்நிலை அப்படி" என்ற விளக்கமும் வேண்டாம். நீங்கள் அதைச் செய்தவரல்லர். அது அவருக்கும் தெரியும். ஆயினும் நம்மில் எத்தனை பேர் அன்று அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னோம் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆகவே, டொல்பின் பார்க்கும் நாளைக் குறைத்தாலும் பரவாயில்லை. அவர் வீட்டில் ஒரு முழு நாள் இருங்கள். அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்ல விரும்பினால் குறுக்கிடாமல் கேளுங்கள். சொல்ல விரும்பாவிட்டால் பள்ளிக்கூடத்துக் கதைகளைப் பேசுங்கள். எதுவானாலும், சாப்பிடாமல் எழுந்து வராதீர்கள்.