மூன்று மணி அலாரம்

அக்கா வீட்டில் அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் அடிக்கும். எழுந்து, டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் கார்ன் ஃப்ளாரை ஆறின தண்ணீரில் கலக்கி, பாதித் தூக்கத்தில் இருக்கும் மருமகனுக்குப் புகட்டுவாள். காய்ச்சக்கூடாது. வெந்த மாவு சீக்கிரம் செரித்துவிடும். பச்சை மாவு மெதுவாகக் கரைந்து, விடியும்வரை ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருக்கும். அவனுக்கு நான்கு வயது. கல்லீரல் வீங்கி வயிறு முன்தள்ளியிருக்கும்.

ரிப்போர்ட் வந்த அன்று அக்கா கேட்டது ஒன்றுதான். "என்கிட்டேருந்து வந்துச்சாடா?"

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதுக்கா" என்றேன். பொய். அப்போதே படித்துவிட்டிருந்தேன்.

நான் சாஃப்ட்வேர்காரன். பயம் வந்தால் டாக்குமென்டேஷன் படிப்பேன். மிஞ்சுகிற சர்க்கரையைக் கல்லீரல் கிளைக்கோஜனாகக் கோத்து வைத்துக்கொள்கிறது. பசிக்கும்போது அதை உடைப்பது ஃபாஸ்ஃபோரிலேஸ் என்கிற நொதி. அது தானாக எழாது. ஃபாஸ்ஃபோரிலேஸ் கைனேஸ் என்கிற இன்னொரு நொதி வந்து எழுப்ப வேண்டும். அப்படியானால் அந்தக் கைனேஸை எழுப்புவது யார்?

குளூக்ககான் ஹார்மோன் ஒரு வழியில் எழுப்புகிறது. என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொரு வழி, கால்சியம். செல்லுக்கு வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் சாதாரணமாக உள்ளே மிதக்கும். அட்ரினலின் வந்து செல்லின் சவ்வைத் தொட்டதும், செல் தனக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த கால்சியம் திறந்துகொண்டு பாய்கிறது. 1986இல், எலியின் கல்லீரல் செல்லுக்குள் கால்சியம் பட்டால் ஒளிரும் ஜெல்லிமீன் புரதத்தை ஏற்றிப் பார்த்தார்கள். ஒளி ஒரேயடியாக ஏறி நிற்கவில்லை, துடித்துத் துடித்து வந்தது. ஹார்மோனைக் கூட்டினால் துடிப்பின் உயரம் கூடவில்லை, துடிப்புகள் நெருங்கி வந்தன. அவசரம் என்றால் கதவை ஓங்கித் தட்டாமல் அடிக்கடி தட்டுகிற மாதிரி.

அந்தத் தட்டலைக் கேட்கிற காது கால்மாடுலின். 148 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம், கால்சியத்தைப் பிடிக்க நான்கு இடங்கள். பிடித்ததும் உருவம் மாறும், மாறிய உருவத்தோடு போய் வேறு நொதிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடுக்கும். ஃபாஸ்ஃபோரிலேஸ் கைனேஸில் கதை வேறு. அது ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று நான்கு வகைத் துண்டுகள், வகைக்கு நான்காக 16 சேர்ந்த பெரிய கூட்டுக் குடும்பம். அதில் டெல்டா வேறு யாருமல்ல, கால்மாடுலினேதான் என்று 1978இல் பிலிப் கோஹனும் கூட்டாளிகளும் கண்டார்கள். கால்சியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அங்கேயேதான் கிடக்கிறது, வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. கால்சியம் வந்ததும் டெல்டா அசைய, வேலை செய்கிற காமா விழித்துக்கொள்கிறது.

மருமகனுக்குக் கால்சியம் வருகிறது. கால்மாடுலினிலும் குறையில்லை. ஆல்ஃபா துண்டின் ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் தட்டுவது கேட்டும் குடும்பம் சரியாக எழுவதில்லை. கல்லீரலில் சர்க்கரை நிறைந்து கிடக்க, பிள்ளை பசியில் வியர்த்து எழுகிறான். புரதத்திலிருந்து சர்க்கரை செய்கிற வழி கெடவில்லை, அதனால்தான் டயட் தாளில் முட்டையும் பருப்பும். இந்த வகையில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

அந்த ஜீன் இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பையனுக்கு ஒரே எக்ஸ்தான், அதுவும் அம்மா கொடுத்தது. அக்காவின் ரத்தத்தைச் சோதித்தபோது என் பொய் உடைந்தது. இரண்டு வாரம் என் போனை எடுக்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் ஊருக்குப் போனேன். பழைய ஆல்பத்தில் ஐந்து வயது நான், வயிற்றுக்குக் கீழே நழுவுகிற டவுசரோடு. "பூச்சி வயிறுன்னு மாசாமாசம் மருந்து குடுப்பேன்" என்று அம்மா சிரித்தாள். "ராத்திரில எழுந்து பசிக்குதும்மான்னு அழுவ. தலமாட்டுலயே பொட்டுக்கடலையும் வெல்லமும் வச்சிருப்பேன்."

திரும்பி வந்து நானும் ரத்தம் கொடுத்தேன். அதே ஜீன், அதே இடம், அதே எழுத்து. முப்பது வருஷமாக எனக்குள் இருந்திருக்கிறது, எந்த டாக்டருக்கும் தெரியாமல், பொட்டுக்கடலையில் சமாளித்துக்கொண்டு.

அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"உனக்குமா?"

"ஆமா. உன்கிட்டேருந்து ஆரம்பிக்கலக்கா. உனக்கும் எனக்கும் ஒரே இடத்துலேருந்துதான் வந்திருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று நினைத்தேன்.

"அம்மாகிட்ட சொல்லிடாதடா" என்றாள். "பாவம், இந்த வயசுல போய்."

நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், என்னுடைய ஒரே எக்ஸ் அவளிடம்தான் இருக்கிறது. அவளிடம் ஒருநாள் சொல்லித்தான் ஆகவேண்டும். அப்போது பொய் சொல்லக்கூடாது என்பதுவரைக்கும்தான் யோசித்து வைத்திருக்கிறேன்.