பேட்டரிக் கடையின் மின்னேற்றி

தமிழகத்துச் சிறுநகரங்களில், பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருக்களிலும் நெடுஞ்சாலையோர ஒர்க்‌ஷாப் வரிசைகளிலும் இயங்கிவரும் பேட்டரிக் கடைகள், நெடுங்காலம் லாரி, டிராக்டர், மைக்செட் ஆகியவற்றை நம்பியே பிழைத்தவை. 2008இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நீடித்த கடும் மின்வெட்டு வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து சேர்த்த பிறகே அவற்றின் வாடிக்கையாளர் வட்டம் விரிந்தது. இக்கடைகளின் மையக் கருவி, தொழிலாளர்கள் ‘சார்ஜர்’ என்றே அழைக்கும் மின்னேற்றி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர், அதை ஒரே திசையில் ஓடும் நேர்மின்னாக மாற்றும் டயோடுகள், அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு சுவிட்ச், ஓடும் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் என்பவற்றோடு அதன் உள்ளமைப்பு முடிந்துவிடுகிறது. காயில் சுற்றத் தெரிந்த எவரும் செய்து தரக்கூடிய இப்பெட்டியைக் கையாள்வதில்தான், குறிப்பாக அதை எப்போது நிறுத்துவது என்பதில்தான், கடைக்குக் கடை வேறுபாடு தெரிகிறது.

மின்னேற்றியை எங்கே மாட்டுவது என்பது முதற்கேள்வி. மின்னேற்றம் முடியும் தறுவாயில் பேட்டரியிலுள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறுகின்றன; காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பொறி பட்டுப் பற்றிக்கொள்ளும் என்பதாலும், ஆசிட் கலந்த ஆவி செம்புக் கம்பிகளை அரித்துவிடும் என்பதாலும், பேட்டரிகளுக்கு நேர்மேலே மின்னேற்றியை மாட்டுவது தவறு. பக்கச் சுவரில், எர்த் இணைப்புடனும் தனி சுவிட்சுடனும் அதைப் பொருத்தி, ஹைட்ரஜன் காற்றைவிட இலேசானது என்பதால் கூரையை ஒட்டிக் காற்றுப்போக்கி வைப்பதே முறை. வாடகைக் கடைகளில் இது பெரும்பாலும் வாசல் ஷட்டரைத் திறந்து வைப்பதோடு நின்றுவிடுகிறது. இரவில் ஷட்டரை இறக்கிவிட்டு மின்னேற்றியை ஓடவிடும் வழக்கம் எங்கிருந்தாலும் அது ஆபத்தானதே.

பல பேட்டரிகளை ஒரே நேரத்தில் ஏற்ற, ஒன்றின் பாசிட்டிவ் முனையை அடுத்ததன் நெகட்டிவ் முனையோடு இணைத்து வரிசையாக்குகிறார்கள். இந்தத் தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே அளவு மின்னோட்டமே பாயும்; எனவே 35 ஆம்பியர்-மணி கார் பேட்டரியையும் 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியையும் ஒரே வரிசையில் சேர்ப்பதில்லை. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது கடைகளில் வழங்கும் கணக்கு: முன்னதற்கு மூன்றரை ஆம்பியர், பின்னதற்குப் பதினைந்து. ஆறு பேட்டரிகள் கொண்ட வரிசை, ஒவ்வொன்றும் முடிவில் 16 வோல்ட் வரை ஏறும்போது 96 வோல்ட்டைத் தொடுகிறது. பன்னிரண்டு வோல்ட் தானே என்று வெறுங்கையால் தொட்டுப் பழகியவர் மறக்கக்கூடாத எண் இது. கிளிப்பை மாட்டிய பிறகே சுவிட்சைப் போடுவதும், சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்றுவதும், முனையில் எழும் சிறு பொறி வாயுவை எட்டாதிருப்பதற்காகவே.

இனி நிறுத்தும் நேரம். பேட்டரி மின்சாரத்தைத் தரும்போது அதன் இருவகை ஈயத் தகடுகளும் ஈய சல்ஃபேட்டாக மாறுகின்றன. கந்தக அமிலம் செலவாகி நீர் மிஞ்சுகிறது. மின்னேற்றம் இவ்வினையைத் திருப்பிவிடுவதால், கரைசலின் அடர்த்தியே ஏறிய சார்ஜின் அளவைச் சொல்லிவிடும். அதை அளக்கும் ஹைட்ரோமீட்டர், ரப்பர் குமிழால் கரைசலை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் கண்ணாடிக் குழாயைக் கொண்டு படிக்கப்படும் எளிய கருவி. நீரின் அடர்த்தியை 1000 எனக் கொண்டு, கார் பேட்டரி நிறைந்தால் 1250 முதல் 1280 வரை, வற்றினால் 1120 அளவில் என்று எண்ணாகவே சொல்லும் தொழிலாளர்கள் அதைக் ‘கிராவிட்டி’ என்கிறார்கள். ஆறு அறைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஐந்தில் 1250 இருந்து ஒன்று மட்டும் 1180இல் நின்றால் அந்த ‘செல் வீக்’. வோல்ட்மீட்டர் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஏற்றி எடுத்தவுடன் எந்த நைந்த பேட்டரியும் பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டும் என்பதால், “வோல்ட்டு காட்டும்ணே, லோடு தாங்காது” என்று வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லுவது இத்தொழிலில் ஓயாத வேலை.

மணிக்கொருமுறை எடுத்த மூன்று அளவுகள் மாறாமல் நின்று, எல்லா அறைகளிலும் குமிழ் சீராக எழுந்தால் ஏற்றம் முடிந்தது. அதற்கு மேல் ஓடும் மின்சாரம் நீரைப் பிரிப்பதிலும் தகடுகளைச் சூடாக்கி உதிர்ப்பதிலுமே போகும். பேட்டரிப் பெட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்து வெப்பம் பார்ப்பதும் உண்டு. வெப்பம் ஏறினால் ஹைட்ரோமீட்டர் சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதால் இச்சோதனை கேலிக்குரியதன்று. மறுபுறம், வற்றிய பேட்டரியை வாரக்கணக்கில் மூலையில் போட்டுவைத்தால் ஈய சல்ஃபேட் கெட்டிப் படிகமாகி, பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் கரைய மறுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற டிராக்டரின் பேட்டரி கடைக்கு வருவது இக்காரணத்தாலேயே.

பராமரிப்பில் பலரும் பிழை செய்வது நீர் ஊற்றுவதில். ஏற்றும்போது கரைசல் மட்டம் உயரும். ஆகவே தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டரை முன்னரே ஊற்றி, குறியிட்ட மட்டம் வரை நிரப்புவதை ஏற்றிய பிறகே செய்ய வேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்புகள் தகட்டைக் கெடுக்கும். ஆசிட் குறைந்துவிட்டது என்று எண்ணி ஆசிட்டையே ஊற்றுவது அதைவிடக் கேடு, ஏனெனில் ஆவியாகிப் போவது நீர்தான். முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் படிவைச் சோடா உப்பு கரைத்த நீரால், மூடிகள் இறுகியிருக்கும்போது மட்டும் கழுவி, வாசலின் தடவுவதோடு மற்ற பராமரிப்பு முடிகிறது.

இவ்வேலை செய்பவர்களின் பருத்தி உடைகளில் ஊசித்துளை போன்ற ஓட்டைகள் விழுகின்றன. பாலியெஸ்டர் ஆசிட்டை ஓரளவு தாங்குவதால் அதையே உடுத்துகிறார்கள். மோதிரத்தைக் கழற்றி வைப்பதும், ஸ்பேனரின் பிடியில் டேப் சுற்றுவதும் இரு முனைகளும் உலோகத்தால் இணைந்து கை வெந்துபோகாமல் இருக்கவே. கண்ணாடி அணிவது அரிது. தெறித்தால் கழுவத் தண்ணீர்க் குடம் அருகிலிருக்கும், அவ்வளவே. பேட்டரிப் பெட்டியை உடைத்துத் தகடு மாற்றும் பழைய வழக்கத்தில் மூச்சோடு சேரும் ஈயத் தூசுக்கு அந்தக் குடமும் உதவாது.

அண்மைக்காலத்தில் பரவியுள்ள சீல் வைத்த பேட்டரிகள் இக்கைப்பழக்கத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. அவற்றில் ஹைட்ரோமீட்டரை நுழைக்க மூடியில்லை. அளவுக்கு மீறி ஏற்றி வெளியேறிய நீரைத் திரும்ப ஊற்றவும் வழியில்லை. ஆகவே அனுபவமுள்ள கடைக்காரர் அவற்றைப் பழைய திருகு சுவிட்ச்சுப் பெட்டியில் மாட்டாமல், சுமார் 14.4 வோல்ட்டை எட்டியதும் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் மின்னணு மின்னேற்றி ஒன்றைத் தனியே வாங்கி வைக்கிறார். அது இல்லாத கடைக்காரர் பேட்டரியை வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிடுகிறார்.