மூலைக் கல்லும் முரட்டு மீனும்

இளம்பிள்ளையில் தறிச் சத்தம் ஓயாத இல்லம் ஒன்றில் கண்ணாடி மீன்தொட்டி உண்டு. அதிலிருந்த சிக்லிட் மீன் ஒன்று மூலைக் கல்லைத் தனதாக்கிக்கொண்டு, நெருங்கிய மீன்களின் வாலையெல்லாம் குதறியது. "இந்தக் கெட்ட மீனை ஏரியில் விட்டுவிடலாமா, சாமி?" என்று அவ்வீட்டுச் சிறுவன் கேட்டான்.

"வேண்டாம் தம்பி. அயல்நாட்டு மீன் நம் ஏரி மீன்களுக்குக் கேடு செய்யும். இடத்தையும் முட்டையையும் காப்பது அதன் இயல்பு, அது கெட்டதன்று" என்றேன். பவளப்பாறை மீன்களின் சண்டையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ், அவை தம் இனத்தையே மிகுதியாகத் தாக்குகின்றன என்று 1963இல் எழுதினார். 1973இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் அவர் ஒருவர்.

முரடனைச் சில நாள் வேறு தொட்டியில் வைத்தோம். அதற்குள் கற்களை இடம் மாற்றி, நடுவில் செடிகளையும் பானை ஓடுகளையும் வைத்தோம். எளிய மீன்களுக்கு ஒளிவிடம் கிடைத்தது. ஒன்றையொன்று நேரே பார்ப்பதும் குறைந்தது. திரும்பி வந்த மீனுக்குக் காக்கப் பழைய எல்லை இல்லை. சீற்றம் முற்றும் மறையவில்லை, ஆயினும் தணிந்தது. தணியாதிருந்தால் தனித்தொட்டியே வழி.

மீனுக்காகக் கல்லை நாம்தான் நகர்த்த வேண்டியிருக்கிறது. ஓரடி நிலத்துக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட உடன்பிறந்தோருக்கோ, எல்லைக் கல்லைத் தாமே நகர்த்தக் கைகள் உண்டு.