தரங்கம்பாடியில் ஒரு நாள்

சோழ நாட்டுக் கடற்கரையில் அமைந்த பழைய துறைமுகப் பட்டினங்களுள் தரங்கம்பாடியும் ஒன்று. தரங்கம் என்னும் சொல்லுக்கு அலை என்பது பொருள். மயிலாடுதுறையைச் சேர்ந்த குடும்பம் ஒன்று, விடுமுறை நாளொன்றில் இவ்வூரைக் காணப் புறப்பட்டது. தந்தை, தாய், எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், தந்தையைப் பெற்ற பாட்டி ஆகிய நால்வரும் திருக்கடையூர் வழியாகப் பேருந்தில் வந்து சேர்ந்தனர்.

1792ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற நகர வாயிலைக் கடந்து நேரே நடந்தால் கடல் எதிர்ப்படும். கரையில் மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. 1305ஆம் ஆண்டில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இவ்வூர் மக்கள் பலருடைய உயிரையும் கொண்டு சென்றதைத் தந்தை எடுத்துரைத்தார். பாட்டி கடலை நோக்கிக் கைகுவித்து நின்றார்.

அடுத்து அவர்கள் டேனியக் கோட்டையை அடைந்தனர். 1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர், டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறித்தியானுடன் உடன்பாடு செய்துகொண்டு டேனியர் இங்கு வாணிகம் செய்ய இசைந்தார். அவர் பொன் ஓலையில் பொறித்து அனுப்பிய மடல் இன்றும் டென்மார்க்கில் காக்கப்படுகிறது. வாணிகம் நலிந்தபின், 1845ஆம் ஆண்டில், டேனியர் தம் இந்தியக் குடியிருப்புகளை 12,50,000 ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றனர்.

கோட்டையினுள் உள்ள காட்சிக்கூடத்தில் பாட்டி ஒவ்வொரு பொருளின்முன்னும் நின்றார். அருகில் எழுதியிருந்ததைப் பெயர்த்தி படித்துக் கூறிய பின்னரே நகர்ந்தார். அவர் பள்ளி சென்றவரல்லர். எத்தாளிலும் பெருவிரல் பதிப்பதே அவர் வழக்கம். அந்த மை விரலைவிட்டு அகலும்வரை கையை முந்தானையில் மறைத்துக்கொள்வார்.

பின்னர்த் தந்தை சீகன்பால்குவின் வரலாற்றைக் கூறினார். செருமானிய நாட்டினரான அவர் 1706 சூலை 9 அன்று இவ்வூரில் வந்திறங்கினார். அப்போது அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. சிறுவர் பயிலும் திண்ணைப் பள்ளியில் அவர்களோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சேறியிருந்தது. ஆயினும் அப்பணி இடையில் நின்றுபோயிற்று. சீகன்பால்கு முதலியோரின் முயற்சியால் தரங்கம்பாடியில் அச்சகம் அமைந்தது. செருமனியிலிருந்து வந்த எழுத்துகள் பெரியனவாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். 1715ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சிட்டு முடிக்கப்பெற்றது. 1719ஆம் ஆண்டில் தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்த அவர், இவ்வூரில் தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

“வளர்ந்த மனிதர் குழந்தைகளோடு உட்கார்ந்து படித்தாரா? அவரைக் கண்டு யாரும் சிரிக்கவில்லையா?” என்று பாட்டி வினவினார்.

“சிரித்திருந்தாலும் அவர் நிறுத்தவில்லையே, அப்பாயி!” என்றாள் பெயர்த்தி.

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. மாலையில் கடற்கரையில் அமர்ந்தபோது, “என் பெயர் எப்படி இருக்கும்? எழுதிக் காட்டு, கண்ணு” என்றார். அவள் ஈரமணலில் நான்கு எழுத்துகளை எழுதினாள். நடுங்கும் விரலால் பாட்டி அவற்றின்மேல் எழுதினார். ஓர் அலை வந்து அவற்றை அழித்தது. பாட்டி சற்றே பின்தள்ளி அமர்ந்து, முதலெழுத்திலிருந்து மீண்டும் தொடங்கினார். பேருந்துக்கு நேரமாகும்வரை எவரும் அவரை எழுப்பவில்லை.

அன்றுமுதல் நாள்தோறும் இரவில் பாட்டியும் பெயர்த்தியும் ஒரே விளக்கின்கீழ் அமர்ந்தனர். இரண்டு திங்கள் கழித்து வங்கிக்குச் சென்ற பாட்டி, அலுவலர் நீட்டிய மைப்பெட்டியை மெல்ல விலக்கிவிட்டு, எழுதுகோலைக் கேட்டு வாங்கினார்.